நோயாவது அதனுடையதாக இருக்கட்டும்

நாய்க்கும் பூனைக்கும் ரெய்கி செய்கிறார்கள், தெரியுமா? கூடவே அவற்றை வளர்ப்பவருக்கும். நான் இருக்கும் புலனக் குழுக்களில் இந்த விளம்பரம் மாதத்துக்கு ஒருமுறையாவது வந்துவிடுகிறது. பூனைக்கு மட்டும் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 180 வெள்ளி. வளர்ப்பவரும் பக்கத்தில் படுத்துக்கொண்டால் இருவருக்கும் சேர்த்து 300. ஆள் வர வேண்டாம் என்றால் பூனையின் படத்தை அனுப்பினால் போதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே 'ஆற்றல்' அனுப்புவார்கள். அதற்கு 90.

இதைப் பகிர்கிறவர்கள் யார் என்று பார்த்தால்தான் ஆச்சரியம். ஜாதகக் கட்டத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் மாமாக்கள் இல்லை. நன்றாகக் கதை எழுதுகிறவர்கள், மொழிபெயர்ப்பு நாவல்களைத் தேடிப் படிக்கிறவர்கள், கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும் அம்மாவைக் கிண்டல் பண்ணுகிறவர்கள். சாமியாடியை நம்பாதவர்கள் ரெய்கியை நம்புகிறார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சாமியாடி தமிழில் கத்துகிறார், வியர்க்கிறார், சுருட்டு கேட்கிறார். ரெய்கிக்காரர் ஏர்கோன் அறையில் மெதுவாக ஆங்கிலம் பேசுகிறார்.

பெரியவர்கள் தங்கள் உடம்புக்கு ரெய்கி எடுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அவர் காசு, அவர் உடம்பு, அவர் ஒரு மணி நேரம். வேலை முடிந்து களைத்து வந்தவர் மங்கலான வெளிச்சத்தில் படுத்துக்கொண்டு, யாரோ ஒருவர் அக்கறையோடு கை வைத்தால் மனசு லேசாகத்தான் செய்யும். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடலாம், வலி கூடினால் டாக்டரிடம் ஓடலாம். பூனைக்கு இது எதுவும் முடியாது. அது எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும், போக வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் நம் கையில். அதன் சார்பில் நாம் எடுக்கும் முடிவை 'என் நம்பிக்கை' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம்புவது நாம், வலிப்பது அதற்கு.

ரெய்கியின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பண்டைய ஞானம், பல்லாயிரம் ஆண்டு மரபு என்றெல்லாம் விளம்பரத்தில் போடுகிறார்கள். மிக்காவ் உசுயி என்ற ஜப்பானியர் 1922இல் கியோத்தோவுக்கு அருகிலுள்ள குராமா மலையில் உபவாசம் இருந்து இதைப் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. அதே ஆண்டு தோக்கியோவில் சங்கம் தொடங்கினார், 1926இல் இறந்தார். பிரிட்டிஷ் மலாயாவில் நம் ஆட்கள் ரப்பர் மரம் சீவத் தொடங்கிய பிறகுதான் ரெய்கியே பிறந்திருக்கிறது. இதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர் ஹவாயில் பிறந்த ஹவாயோ தக்காத்தா. ஆசிரியர் நிலைக்கு அவர் வாங்கிய கட்டணம் 10,000 அமெரிக்க டாலர். 1980இல் இறப்பதற்குள் 22 பேரை அந்த நிலைக்கு உயர்த்தினார். உசுயி ஒரு கிறிஸ்தவக் கல்வி நிலையத்தின் தலைவராக இருந்தவர் என்று தக்காத்தா அமெரிக்கர்களிடம் சொல்லிவந்தார். பிறகு தேடிப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு பதிவும் கிடைக்கவில்லை. இன்று ரெய்கியோடு ஒட்டிக்கொண்டு வரும் ஏழு சக்கரங்களும் மேற்கில் வைத்துச் சேர்க்கப்பட்டவைதாம். விலங்குகளுக்குத் தோள்பட்டையில் ஓர் எட்டாவது சக்கரம் உண்டு என்று வரைபடமே விற்கிறார்கள். வாங்குகிறவருக்கு ஏற்றபடி கதை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது வாங்குகிறவர் பூனை வளர்ப்பவர்.

சரி, அந்த ஆற்றல் இருக்கிறதா? ரெய்கிக்கு நெருங்கிய ஒன்று 'தொடுசிகிச்சை' என்ற பெயரில் அமெரிக்கத் தாதியரிடையே பரவியிருந்தது. அதைச் செய்கிறவர்கள் பிறர் உடம்பைச் சுற்றியுள்ள ஆற்றலைத் தங்கள் உள்ளங்கையால் உணர முடியும் என்றார்கள். எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இதைச் சோதித்தாள். நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு. சிகிச்சையாளர் இரண்டு கைகளையும் தடுப்புக்குள் நீட்டி வைக்க வேண்டும். சிறுமி தன் கையை அவருடைய இடக்கைக்கோ வலக்கைக்கோ மேலே பிடிப்பாள். எந்தக் கை என்று சொன்னால் போதும். 21 சிகிச்சையாளர்கள், 280 முயற்சிகள். சரியாகச் சொன்னது 123 முறை. காசைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட 140க்குப் பக்கத்தில் வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளிவந்தது. இருக்கிற இடமே தெரியாத ஆற்றலைச் சரிசெய்வதாக ஒருவர் சொன்னால் நான் என் பர்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

இந்த இடத்தில் ரெய்கி நண்பர்கள் ஒரு வாதத்தை எடுப்பார்கள். கேட்டவுடன் அசைத்துவிடும் வாதம். "மனுசனுக்கு நம்பிக்கையில சரியாச்சுன்னு சொல்லுவீங்க. பூனைக்கு ஏது நம்பிக்கை? அது குணமாச்சுன்னா உண்மையிலேயே வேலை செஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்?"

நல்ல கேள்வி. பதிலும் இருக்கிறது. மூட்டுத் தேய்மானத்தால் நொண்டும் 58 நாய்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2012இல் வந்தது. அவற்றுக்குக் கொடுக்கப்பட்டது மருந்தில்லாத வெற்று மாத்திரை. உரிமையாளர்களுக்கு அது தெரியாது. நடக்கும்போது கால் தரையை எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதை ஒரு தட்டுக்கருவி அளந்தது. நொண்டும் நாய் வலிக்கிற காலை லேசாகத்தான் வைக்கும், கருவி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நாய் தேறவில்லை என்று கருவி சொன்னபோதும் உரிமையாளர்கள் பாதிக்கு மேற்பட்ட முறை 'இப்போ பரவாயில்ல' என்றார்கள். உரிமையாளரை விடுங்கள், கால்நடை மருத்துவர்களே பத்தில் நான்கு முறைக்குக் குறையாமல் அப்படி ஏமாந்தார்கள். ஆக, நம்பிக்கை வேலை செய்யத்தான் செய்கிறது. நாயின் காலில் செய்யவில்லை, பார்க்கிறவர் கண்ணில் செய்கிறது. நாய் அப்போதும் நொண்டிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது அதைப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

"விஞ்ஞான ஆதாரம் இருக்கு, எலிக்கு வேலை செஞ்சிருக்கு" என்று ஒருவர் எனக்கு ஒரு சுட்டியை அனுப்பினார். படித்தேன். 2008இல் வந்த ஆய்வு. ரெய்கி கொடுத்தால் எலிகளின் இதயத் துடிப்பு சீராகிறது என்கிறது. எத்தனை எலிகள்? மூன்று.

இதை ஏதோ அறிவியல் பாடம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். பூனை வளர்க்கிறவர்கள் கீழே வரும் பத்தியையாவது கவனமாகப் படியுங்கள்.

ஒரே வயதில் இரண்டு கடுவன் பூனைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் மணல் தட்டுக்குப் போய்க் குந்துகின்றன, முக்குகின்றன, எழுந்து வருகின்றன, மறுபடியும் போகின்றன. பார்க்கிறவருக்கு மலச்சிக்கல் போலத் தெரியும். முதல் பூனைக்கு சிறுநீர்ப்பையில் அழற்சி. பூனைகளுக்குக் கிருமி எதுவும் இல்லாமலே இது அடிக்கடி வரும். எரியும், சொட்டுச் சொட்டாகப் போகும், சில சமயம் ரத்தமும் வரும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே தணிந்துவிடும். இரண்டாவது பூனைக்குச் சிறுநீர்க் குழாயே அடைத்துக்கொண்டுவிட்டது. கடுவனுக்கு அந்தக் குழாய் மிகக் குறுகல். மணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்து தக்கை மாதிரி மாட்டிக்கொள்ளும். ஒரு சொட்டும் வெளியே வராது. சிறுநீரகம் வேலை செய்ய முடியாமல் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். ஏறினால் இதயம் தாளம் தப்பும். இரண்டு மூன்று நாளுக்குள் பூனை செத்துவிடும். உடனே தூக்கிக்கொண்டு ஓடினால் மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்து, டிரிப் ஏற்றி, பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

இப்போது இரண்டு பூனைகளுக்கும் ரெய்கி செய்யுங்கள். முதல் பூனை ஐந்தாம் நாள் எழுந்து விளையாடும். அதன் உரிமையாளர் நெகிழ்ந்துபோய் நாலு பத்தி எழுதுவார், விளம்பரத்தில் அது இடம்பெறும். இரண்டாவது பூனையின் உரிமையாளர் எதுவும் எழுதமாட்டார். நாம் படிக்கும் சாட்சியங்கள் எல்லாம் எப்படியும் பிழைத்திருக்கக்கூடிய பூனைகளின் சாட்சியங்கள். 'இதனால ஒரு கெடுதலும் இல்லையே' என்று சொல்கிறவர்கள் மற்ற பூனையை எண்ணுவதே இல்லை. கை வைப்பதால் கெடுதல் இல்லை என்பது சரிதான். அந்த வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் வீணாகப் போனதே, அதுதான் கெடுதல்.

இது நான் கற்பனை செய்த உதாரணம் இல்லை. ஷா ஆலாமில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மணமுறிவுக்குப் பிறகு தனியாக வீடெடுத்து வந்தவர். கூட இருந்தது நான்கு வயதுக் கடுவன் ஒன்று. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அது மணல் தட்டுக்கும் சோபாவுக்கும் நடந்துகொண்டே இருந்தது. அக்கா ஏற்கெனவே ரெய்கி எடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குப் படம் அனுப்பினார். அந்தப் பெண் தொலைவிலிருந்தே பார்த்துவிட்டுச் சொன்னது இது: "அவன் உங்க சோகத்த உடம்புல சுமக்கிறான். ரெண்டாவது சக்கரத்துல அடைப்பு இருக்கு. ரெண்டு பேருக்கும் சேர்த்தே செய்யணும்." இரண்டு நாள் செய்தார்கள். ஞாயிறு இரவு வாந்தி. திங்கள் காலை கிளினிக் திறந்ததும் கொண்டுபோனார். மேசையில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

அடைப்பு என்ற சொல் என்னமோ சரிதான். இடம்தான் தப்பு.

அந்தப் பெண் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம். எனக்கு ஆத்திரமூட்டியது அதற்குப் பிறகு நடந்தது. பூனை செத்த செய்தியைச் சொன்னபோது அவர் அனுப்பிய ஆறுதல்: அவன் உங்களுக்காகவே வந்த ஆன்மா, உங்கள் வலியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், நன்றி சொல்லி வழியனுப்புங்கள். அக்கா இன்றுவரை என்னிடம் சொல்வது: "நான் அன்னாடம் அழாம இருந்திருந்தா அவன் இருந்திருப்பான்டா." பொட்டாசியம், குழாய், தக்கை என்று நானும் அந்தக் கால்நடை மருத்துவரும் எத்தனை தடவை விளக்கினாலும் உள்ளே இறங்குவதில்லை. தன் துக்கம்தான் பூனையைக் கொன்றது என்று ஒரு பெண்ணை நம்பவைத்திருக்கிறார்கள். அதற்கு 300 வெள்ளி கட்டணமும் வாங்கியிருக்கிறார்கள்.

'வளர்ப்பவருக்கும் சேர்த்து' என்பதன் உள்ளர்த்தம் இதுதான். விலங்கு நோயுற்றால் காரணம் நீங்கள், உங்கள் எதிர்மறை ஆற்றலை அது உறிஞ்சிக்கொண்டது, ஆகவே நீங்களும் படுங்கள். ஒரு வாடிக்கையாளர் இரண்டாகிவிட்டார். குணமானால் ஆற்றலுக்குப் பெருமை. ஆகாவிட்டால் உங்கள் மனசு இன்னும் திறக்கவில்லை. எப்படிப் போனாலும் தோற்காத வியாபாரம். நான் கவனித்தவரை இந்தக் குற்றப் பட்டியலில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தனியாக இருப்பவர்கள், குழந்தை இல்லாதவர்கள், அம்மாவைப் பறிகொடுத்தவர்கள். ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் தன்னையே குறை சொல்லிக்கொள்ளப் பழக்கப்பட்டவர்கள்.

இது ஜப்பானிலிருந்து மட்டும் வந்த நோய் என்று நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. நம் வீட்டிலேயே அதற்கு நாற்காலி போட்டு வைத்திருந்தோம். வீட்டு நாய் திடீரென்று செத்தால் நம்மவர்கள் சொல்வது என்ன? "வீட்டுக்கு வந்த கண்டத்த அது வாங்கிக்கிச்சு." கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் இருந்த என் ஆயாவும் இப்படித்தான் சொன்னது. பெரியப்பா மோட்டாரில் விழுந்து பிழைத்த வாரத்தில் வீட்டு நாய் செத்துப்போனது. நாயின் உடம்பெல்லாம் உண்ணி, ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை, ஈறு வெளுத்துப் போயிருந்தது என்பதெல்லாம் அம்மா சொல்லித்தான் பிற்பாடு எனக்குத் தெரியும். உண்ணிக் காய்ச்சல் இந்த நாட்டு நாய்களுக்குச் சர்வசாதாரணம். ஆனால் குடும்பக் கதையில் அந்த நாய்க்கு நோயே கிடையாது. பெரியப்பாவின் கண்டம் மட்டும்தான் உண்டு.

ஆனாலும் ஆயாவை நான் ரெய்கிக்காரரோடு ஒன்றாக நிறுத்தமாட்டேன். ஆயாவிடம் மூன்று மாடுகள் இருந்தன. தோட்டத்துச் சம்பளம் போதாமல் பால் விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. விடியற்காலையில் கொட்டகைக்குப் போனதும் முதல் வேலையாக மாடு அசை போடுகிறதா என்று பார்க்கும். மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று தொடும். காதைப் பிடித்துச் சூடு பார்க்கும். சாணியைக் குச்சியால் கிளறும். அசை நின்றுபோனால் அரை நாள்கூடப் பொறுக்காது. பூசாரியிடம் போய்க் கயிறும் கட்டும், கூடவே கால்நடைத் துறை அதிகாரிக்கும் ஆள் அனுப்பும். அவரை ஆயா 'ஹைவான்காரர்' என்றுதான் சொல்லும். கயிறு பூசாரிக்காக, ஊசி மாட்டுக்காக. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆயாவுக்குத் தோன்றியதே இல்லை. மாடு செத்தால் பால் இல்லை, பால் இல்லை என்றால் பள்ளிக் கட்டணம் இல்லை. அந்தக் கவனம் அன்பிலிருந்து மட்டும் வந்தது இல்லை, தேவையிலிருந்தும் வந்தது. ஆனால் அது கவனம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கண்டக் கதையை ஆயா சொன்னது நாய் செத்த பிறகு. செத்தது செத்துவிட்டது, அதற்கு ஓர் அர்த்தம் கொடுத்து மனசைத் தேற்றிக்கொள்ள அந்தக் கதை. ரெய்கிக்காரர் அதே கதையைப் பூனை உயிரோடு இருக்கும்போதே, இன்னும் காப்பாற்றக்கூடிய நேரத்திலேயே சொல்கிறார். ஒப்பாரியைச் சாவுக்கு முன்னால் பாடுவது மாதிரி.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வளர்ப்பவரின் மனநிலைக்கும் விலங்குக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. சுவீடனில் 2019இல் வந்த ஓர் ஆய்வு, நாயின் முடியிலும் உரிமையாளரின் முடியிலும் உள்ள கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு ஒத்துப்போவதைக் காட்டியது. பூனைக்கு வரும் சிறுநீர்ப்பை அழற்சியைக் கூட்டுவதில் பதற்றத்துக்குப் பங்குண்டு என்று கால்நடை மருத்துவர்களும் சொல்கிறார்கள். ரெய்கிக்காரர்கள் இதையெல்லாம் ஆசையோடு மேற்கோள் காட்டுவார்கள். காட்டட்டும். ஆனால் அந்த மருத்துவர்கள் சொல்லும் வைத்தியம் என்ன? மணல் தட்டைக் கூட்டுங்கள், இரண்டு பூனை இருந்தால் மூன்று தட்டு வையுங்கள். தண்ணீர் அதிகம் குடிக்கச் செய்யுங்கள், ஈர உணவு கொடுங்கள். ஒளிந்துகொள்ள இடம் கொடுங்கள். சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள். முதலில் அடைப்பு இல்லை என்று உறுதிசெய்யுங்கள். இதில் எங்கேயும் உங்கள் விவாகரத்துக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இல்லை.

இலக்கிய இதழில் பூனை மூத்திரத்தைப் பற்றி இவ்வளவு ஏன் எழுதுகிறான் என்று சிலர் நினைக்கலாம். இதில் நமக்கும் பங்கு இருக்கிறது என்று நினைப்பதால்தான் எழுதுகிறேன். சென்ற ஆண்டு ஒரு சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளை முதல் சுற்றில் படித்துத் தரும் வேலை எனக்கு வந்தது. விலங்கு வராத கதைகளே குறைவு. பூனை வந்தால் அது ஒருத்தியின் தனிமை. கிழட்டு நாய் வந்தால் அப்பா சாகப்போகிறார். மாடு வந்தால் இழந்துபோன தோட்டம். கடைசிப் பக்கத்தில் விலங்கு செத்துவிடும், மனிதருக்கு ஏதோ ஒரு தெளிவு பிறக்கும். எதனால் செத்தது என்று ஒரு கதையிலும் இல்லை. எழுதியவர்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. நம் சோகத்தைச் சுமக்கத்தான் அது கதைக்குள் வந்தது, சுமந்தாயிற்று, போகட்டும்.

ரெய்கிக்காரரும் இதைத்தான் செய்கிறார். 'அவன் உங்கள் வலியைச் சுமக்கிறான்' என்பது மருத்துவ வாக்கியம் இல்லை, சிறுகதை வாக்கியம். அதனால்தான் நமக்கு அது அவ்வளவு சீக்கிரம் பிடித்துப்போகிறது. உருவகம் படித்துப் பழகிய மூளைக்கு 'குழாய் அடைப்பு' என்ற சொல் சப்பென்று இருக்கிறது. ஆற்றல், பிரபஞ்சம், பேரன்பு, ஆழ்மனம், ஒத்ததிர்வு என்று அந்த விளம்பரங்களில் வரும் சொற்களைப் பாருங்கள். நம் கவிதைத் தொகுப்புகளின் பின்னட்டையிலிருந்து எடுத்தது போலவே இருக்கும். கதையில் உருவகமாக இருப்பதற்குப் பூனை கட்டணம் கேட்பதில்லை. வீட்டில் அதே வேலையைக் கொடுத்தால் உயிரைக் கொடுக்கிறது.

என் எதிர்ப்பின் மையம் இதுதான். நாம் விலங்கிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டோம். அதன் காடு, அதன் குட்டிகள், அதன் துணை, அது சாப்பிடும் நேரம், அதன் பெயர்கூட நாம் வைத்தது. அதற்கென்று மிஞ்சியிருப்பது அதன் உடம்பும் அந்த உடம்பின் நோவும்தான். 'அது என் நோவு' என்று சொல்லி அதையும் பிடுங்கிக்கொள்வதற்கு அன்பு என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எதிர்வாதங்கள் இருக்கின்றன. முதலாவது, பணம். கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியார் கிளினிக்கில் பூனையை இரண்டு நாள் வைத்துப் பார்த்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடக்கூடும். உண்மைதான். சம்பளத்துக்கும் வாடகைக்கும் நடுவில் தொங்குகிறவர்களுக்கு அது விளையாட்டுத் தொகை இல்லை. ஆனால் மாநிலந்தோறும் கால்நடைத் துறையின் கிளினிக்குகள் இருக்கின்றன, தனியாரைவிடக் கட்டணம் குறைவு. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. தவணையில் கட்டச் சம்மதிக்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள், வாய்விட்டுக் கேட்க வேண்டும். கையில் 300தான் இருக்கிறது என்றால், அந்த 300 எங்கே போக வேண்டும் என்பதுதான் கேள்வி. பரிசோதனைக்கும் வலி மருந்துக்கும் அது பாதி தூரமாவது வரும்.

இரண்டாவது, டாக்டர்களின் அலட்சியம். இதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். பத்து நிமிடத்தில் பார்த்து, வேகமான ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொல்லி, ரசீதை நீட்டும் இடங்கள் உண்டு. ரெய்கிக்காரர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். 'பூனைதானே செத்துச்சு, இன்னொன்னு வாங்கிக்க' என்று சொல்லும் உறவினர்களுக்கு நடுவில், பூனைக்காக அழுவதை ஒருவராவது மதிக்கிறார். மக்கள் அங்கே போவது ஆற்றலுக்காக இல்லை, கேட்கிற காதுக்காக. அந்தத் தேவை பொய் இல்லை. ஆனால் அந்தக் காது நண்பர்களாகிய நாம் இலவசமாகக் கொடுக்க வேண்டியது. நாம் கொடுக்காததால்தான் அதற்கு மணிக்கணக்கில் விலை வந்திருக்கிறது.

மூன்றாவது, சாகப்போகும் விலங்கு. டாக்டர் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்ன பிறகு, வலி மருந்து கொடுத்தாயிற்று என்ற பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து அதன் மேல் கை வைத்திருங்கள். அதற்குப் பிடித்திருந்தால் தடவிக்கொடுங்கள். பழகிய கை, பழகிய வாசனை அதை அமைதிப்படுத்தும். இதற்குச் சின்னம் வரையத் தெரிய வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். அந்நியர் ஒருவரை அழைத்து வரவும் வேண்டாம். பெரும்பாலான பூனைகளுக்கு அந்நியரே ஒரு தொல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: மனிதர்களுக்கான பாரம்பரிய, துணை மருத்துவத்துக்கு மலேசியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட துறைகளின் பட்டியலில் ரெய்கி இல்லை. விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்க, 1974ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அதனால்தான் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் 'இது சிகிச்சை அல்ல, சமநிலைப்படுத்தல்' என்று போட்டுக்கொள்கிறார்கள். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வளர்ப்பவர் மேலும் ஒரு கடமையை வைக்கிறது. வலியிலிருந்தும் நோயிலிருந்தும் விலங்கைக் காக்க வேண்டியவர் அவர். பூனை செத்தால் பொடி எழுத்துக்காரர் தப்பித்துக்கொள்வார். சட்டம் கேட்டாலும் மனசாட்சி கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை அந்த விளம்பரத்தைப் பகிர்வதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் பகிர்வை நம்பி ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலையைத் தவறவிடக்கூடும். நண்பர் ஒருவர் 'பூனை ஒரு மாதிரியா இருக்கு, என்னோட மனநிலைதான் காரணமோ' என்று புலனத்தில் எழுதினால், 'ஆமாம், அவை எல்லாம் உணரும்' என்று இதயக் குறி போடாதீர்கள். அழகாக எதுவும் சொல்லவும் வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், அது கவித்துவமாகவும் இருக்காது: கடைசியா அது எப்போ ஒண்ணுக்குப் போச்சு?